அங்குச் சீனர், நேட்டாலில் தமிழர், இங்கு யார்?

வாலாசாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் செல்லும் வழியில் தென்னேரி இருக்கிறது. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என வழங்கிப் பின்னர்த் தென்னேரி ஆயிற்று என்று சொல்லப்படும் பேரேரியே அவ்வூருக்கும் பெயர். காஞ்சிப் பட்டு நெய்யும் கைகளும் ஏரிப் பாய்ச்சலில் நெல் விளைக்கும் கைகளும் வாழ்ந்த நிலப்பகுதி அது. அதன் அண்மையில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில், திருப்பெரும்புதூரும் ஒரகடமும் ஆலை நகரங்களாக எழுந்துவிட்டன. அவ்வாலைகளிலும் அவற்றைச் சார்ந்த கட்டுமானங்களிலும் பணிசெய்யப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் இளைஞர் வந்து, ஓரறையில் பலராய் ஒடுங்கி வாழ்கின்றனர்.

தறி ஓய்ந்த வீட்டில் வேலையின்றி இருக்கும் தமிழிளைஞன் அவர்களைப் பார்க்கிறான். “வந்தேறிகளை அடித்து விரட்டினாலன்றித் தமிழனுக்கு வாழ்வில்லை” என்னும் பேச்சு தேநீர்க் கடைகளில் எழுகிறது. அப்பேச்சின் அடியில் இருக்கும் வலி பொய்யன்று. மண்ணின் மக்களுக்கு மண்ணிலேயே வேலையில்லை என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வியே. ஆனால் ‘அடித்து’ என்னும் அந்த ஒரு சொல்லுக்கு உலகில் நெடிய வரலாறு உண்டு. நூறாண்டுகளுக்கும் மேலாக அச்சொல் சீனர் முதுகில் விழுந்தது. அதே சொல் தமிழர் முதுகிலும் விழுந்தது. அவ்வரலாற்றை அறியாது அச்சொல்லைக் கையில் எடுப்பவன், தன் பாட்டனை அடித்த கோலையே எடுக்கிறான்.

பொன்னிலத்தில் சீனர்

1848 ஆம் ஆண்டு சனவரியில் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டது. வெள்ளையர் அந்நிலத்தின் தொல்குடியினரைக் கொன்றும் துரத்தியும் புதிதாய்க் குடியேறிக்கொண்டிருந்த எல்லைப்புறம் அது. பொன் தேடிச் சீனத்தின் தென்கரையிலிருந்தும் எளிய உழவர் கடல் கடந்து வந்தனர். வெள்ளையர் தோண்டிக் கைவிட்ட குழிகளிலும் அவர்கள் பொறுமையாய் அரித்துப் பொற்றுகள் கண்டனர். அப்பொறுமையே அவர்கள் குற்றம் ஆயிற்று.

முதலில் வந்தது வரி. 1852 இல் அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் மீது திங்களுக்கு மூன்று தாலர் வரி விதிக்கப்பட்டது. அதன் சுமை பெரும்பாலும் சீனர் தலையிலேயே விழுந்தது. அடுத்து வந்தது வாய்ப்பூட்டு. இலிங் சிங் என்னும் சீனரைக் கொன்ற வெள்ளையன் ஒருவன் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றிருந்தான். 1854 இல் கலிபோர்னிய உயர் முறைமன்றம், வெள்ளையனுக்கு எதிராகச் சீனர் கூறும் சான்று செல்லாது என்று சொல்லி அத்தீர்ப்பை நீக்கிற்று. சீனனைக் கொன்றால், கண்ட சீனர் வாய் திறக்கக் கூடாது. இதுவே அதன் பொருள். கொலைக்கு இதைவிடத் தெளிவான அழைப்பை எந்தக் கலகக்காரனும் எழுதியிருக்க மாட்டான்.

அமெரிக்காவின் கீழ்க்கரையையும் மேற்கரையையும் இணைத்த இருப்புப் பாதையின் மேற்குப் பகுதியை அமைத்தவருள் பெரும்பான்மையர் சீனரே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர் மலையைக் குடைந்து, பனியில் புதைந்து, வெடிமருந்தில் சிதறி அமைத்த அப்பாதை 1869 மே 10 ஆம் நாள் முடிவுற்றது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1871 அக்டோபர் 24 இல், இலாசு ஏஞ்சலீசு நகரில் ஒரு வெறிக்கூட்டம் சீனர் தெருவில் புகுந்து, பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் கொன்று தீர்த்தது. அவருட் பலர் தூக்கிலிடப்பட்டனர். குற்றவாளிகளெனத் தீர்ப்புப் பெற்ற சிலரும் பின்னர் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டனர்.

1882 இல் அமெரிக்க நாடாளுமன்றமே சீனத் தொழிலாளர் வருகையைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சட்டம் வந்தபின் வன்முறை ஓய்ந்ததா? மிகுந்தது. அரசே ஓரினத்தை வேண்டாதவர் என்று முத்திரையிட்டபின், தெருவில் நிற்பவன் தன் கையை ஏன் அடக்க வேண்டும்? 1885 இல் தக்கோமா நகரின் சீனர் அனைவரும் ஒரே நாளில் துரத்தப்பட்டு, அவர்தம் வீடுகள் எரிக்கப்பட்டன. 1887 இல் பாம்பாற்றின் பள்ளத்தாக்கு ஒன்றில் பொன் அரித்துக்கொண்டிருந்த சீனர் ஏறத்தாழ முப்பத்து நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர், ஒருவனும் ஒறுக்கப்படவில்லை.

அடித்தவன் பெற்றது என்ன?

இக்கொடுமைகளுள் தமிழுணர்வாளர் நின்று எண்ண வேண்டிய ஒன்று, வயோமிங்கில் உள்ள இராக்கு சுபிரிங்சு என்னும் ஊரில் நிகழ்ந்தது. யூனியன் பசிபிக்கு இருப்புப்பாதைக் குழுமத்தின் நிலக்கரிச் சுரங்கங்கள் அங்கிருந்தன. 1875 இல் வெள்ளைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, குழுமம் சீனரைக் கொணர்ந்து இறக்கிற்று. நிறுத்தம் முறிந்தது, கூலி தாழ்ந்தது. பத்தாண்டுகளில் அங்கு வெள்ளையரைவிடச் சீனர் மிகுந்தனர். வெள்ளைத் தொழிலாளர் நெஞ்சில் கனன்ற சினத்துக்கு உண்மையான கரணியம் இருந்தது. அதை மறுப்பது பொய். ஆனால் அச்சினம் எங்குப் பாய்ந்தது?

1885 செப்டம்பர் 2 ஆம் நாள் காலை, சுரங்கத்தின் ஓரிடத்தில் யார் வெட்டுவது என்று எழுந்த சண்டை மாலைக்குள் கொலைவெறியாயிற்று. துமுக்கி ஏந்திய கூட்டம் சீனர் குடியிருப்பைச் சூழ்ந்தது. இருபத்தெண்மர் கொல்லப்பட்டனர், பதினைவர் காயமுற்றனர், எழுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின, வீட்டுக்குள் ஒளிந்தோர் உள்ளேயே எரிந்தனர். தப்பியோர் மேய்ச்சல் வெளிகளில் பசியோடு அலைந்தனர். பதினாறு பேர் சிறைபிடிக்கப்பட்டனர். குற்றஞ்சாட்ட ஆயத்தார் மறுக்கவே, அனைவரும் வெளிவந்தனர்.

பின்னர் நடந்ததுதான் அறிவுடையோர் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டியது. தப்பிய சீனரிடம், சான்பிரான்சிசுகோவுக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லி வண்டியில் ஏற்றினர். ஒரு கிழமைக்குப் பின் வண்டி வந்து நின்ற இடம் அதே இராக்கு சுபிரிங்சு. எரிந்த வீடுகளின் நடுவே, படையின் காவலில், அவர்கள் மீண்டும் சுரங்கத்துக்குள் இறக்கப்பட்டனர். சொத்திழப்புக்கென அமெரிக்க அரசு ஒரு இலக்கத்து நாற்பத்தேழாயிரம் தாலருக்கு மேல் பின்னர் வழங்கிற்று. கொன்றவனுக்கு என்ன கிடைத்தது? கூலி உயரவில்லை. வேலை மீளவில்லை. நிலக்கரி முதலாளி ஒரு நாள்கூட நடுங்கவில்லை. மாறாக, தொழிலாளி கொலைகாரன் என்று உலகுக்குக் காட்டவும், படையைத் தன் வாயிலில் நிறுத்தவும் முதலாளிக்கு வாய்ப்புக் கிடைத்தது. மலிவுக் கூலியைக் கொணர்ந்தவனை விட்டுவிட்டு, மலிவாய் வந்தவனை அடித்தவன் அடைந்தது இதுவே.

மொழியைத் தாழ்ப்பாள் ஆக்கிய சட்டம்

‘சீனர்க்கு நேர்ந்தது சீனர் கதை, தமிழர்க்கு அதனால் என்ன?’ என்று கேட்போர் நேட்டாலைப் பார்க்க வேண்டும். 1860 நவம்பர் 16 ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல், தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில் 342 பேரை இறக்கிற்று. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை இலக்கம் பேர்க்கு மேல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராய்க் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர். வடார்க்காடும், காஞ்சியை உள்ளடக்கிய அன்றைய செங்கற்பட்டு மாவட்டமும் அவர்களை மிகுதியாக ஈந்த நிலங்கள். பஞ்சம் துரத்த, இடைத்தரகன் இழுக்க, ஐந்தாண்டுக்குக் கைந்நாட்டு வைத்துக் கடல் கடந்த அம்மக்கள் தென்னேரி போன்ற ஊர்களின் குருதியே.

அவர்களுக்கு வெள்ளையன் இட்ட பெயர் ‘கூலி’. செய்த வேலைக்குப் பெறும் பொருளைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லே அது என்பது சொல்லாய்வார் பலர் துணிபு. தமிழில் அது உழைப்பின் பயன். ஆங்கிலன் வாயிலோ அது ஆளின் பெயராகவும், பின்னர் வசையாகவும் ஆயிற்று. கலிபோர்னியாவில் சீனனும் அச்சொல்லாலேயே அழைக்கப்பட்டான். கடலின் இருபுறமும் அடிபட்ட இரு மக்களுக்கு ஒரே வசைப்பெயர் வாய்த்தது. அவ்வசைக்கு மூலம் ஒரு தூய தமிழ்ச்சொல்!

கலிபோர்னியாவில் நடந்த முறையே நேட்டாலிலும் நடந்தது. முதலில் வரி: ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி இறுக்க வேண்டுமென 1895 இல் சட்டம் வந்தது. திங்களுக்குப் பத்துச் சில்லிங்கு கூலியில் தொடங்கியவனுக்கு அது ஆறு திங்கள் கூலி. அடுத்துக் கூட்டம்: 1896 திசம்பரில் இந்தியாவிலிருந்து கூர்லாந்து, நாதேரி என்னும் இரு கப்பல்கள் டர்பன் வந்தன. அவற்றில் வந்தோரைத் திருப்பி அனுப்பக் கோரி வெள்ளையர் திரண்டனர். மூன்று கிழமைக்கு மேல் கடலிலேயே நிறுத்தப்பட்ட மக்கள் 1897 சனவரி 13 இல் கரையேறியபோது, உடன்வந்த காந்தியடிகள் தெருவில் அடித்து உதைக்கப்பட்டார். காவல் கண்காணிப்பாளரின் மனைவி குடையை விரித்து இடைபுகுந்திராவிடில் அன்றே அவர் உயிர் போயிருக்கும்.

மூன்றாவதாக வந்ததுதான் மொழிப்பற்றாளர் கூர்ந்து நோக்க வேண்டியது. அதே 1897 இல் நேட்டால் ஒரு குடியேற்றத் தடைச் சட்டம் இயற்றியது. அதில் ‘இந்தியன்’ என்ற சொல் இல்லை, நிறம் இல்லை, இனம் இல்லை. வருவோன் ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற ஒரு வரி இருந்தது. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் உடைய தமிழில் எழுதத் தெரிந்தவன், அச்சட்டத்தின் முன் எழுத்தறியாதவன்! கைக்கோலுக்கு மாற்றாக மொழியைத் தாழ்ப்பாள் ஆக்கிய திறம் அது. ஆங்கிலப் பேரரசின் குடியேற்ற நாட்டமைச்சர் சேம்பர்லேன் அதனை மற்றக் குடியேற்ற நாடுகளுக்கும் பரிந்துரைத்தார்.

ஆத்திரேலியா அதைப் பற்றிக்கொண்டது. சீனரை வெறுப்பதில் அந்நாடு முன்பே தேர்ந்தது. 1855 இல் விக்டோரியா, வந்திறங்கும் சீனன் ஒவ்வொருவனுக்கும் பத்துப் பவுன் வரி விதித்தது. அதற்குத் தப்ப அவர்கள் வேற்றுத் துறையில் இறங்கி, நூற்றுக்கணக்கான கல் தொலைவு காட்டு வழியில் பொன்னிலத்துக்கு நடந்தனர். 1861 சூன் 30 இல் இலாம்பிங் பிளாட்டு என்னும் பொற்களத்தில் பெருங்கூட்டம் சீனர் கூடாரங்களை எரித்துக் கொள்ளையிட்டது; சீனரை அடித்து அவர்தம் சடைகளை அறுத்தது. அவ்வாண்டிலேயே சீனர் வருகையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் அங்கு வந்தது. கலகத்துக்குக் கிடைத்த பரிசு அது! 1901 இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தபோது, நேட்டாலின் மொழித் தேர்வே அதன் நெஞ்சாயிற்று. வருவோன் ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களைக் கேட்டு எழுத வேண்டும். எந்த மொழி என்பதை அலுவலரே முடிவு செய்வார். 1934 இல் பல மொழி அறிந்த செக்கு நாட்டு எழுத்தாளர் கிசு என்பாரை வெளியேற்ற, அவர்க்கு இசுகாத்துலாந்தின் கேலிக்கு மொழியில் தேர்வு வைத்த கூத்தும் நடந்தது. 1958 வரை அத்தேர்வு நின்றது. தமிழனுக்காக நேட்டாலில் செய்த பூட்டு, சீனனுக்காக ஆத்திரேலியாவில் மாட்டப்பட்டது. இரு மக்களின் வரலாறும் ஒன்றே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஒரே சிறையில்

அடித்தவர் ஒன்றுபட்டது போலவே, அடிபட்டவரும் ஒருகால் ஒன்றுபட்டனர். 1907 இல் திரான்சுவால் அரசு, ஆசியர் அனைவரும் விரற்பதிவு வைத்துப் பதிவுச் சீட்டுப் பெற வேண்டுமெனச் சட்டம் செய்தது. எதிர்த்து நின்றோர் சிறைப்பட்டனர். 1908 சனவரி 28 இல் யோகானசுபர்க்குச் சிறையிலிருந்து அரசுக்கு ஒரு மடல் சென்றது. அதில் கையெழுத்திட்டவர் மூவர்: காந்தியடிகள், சீனர் தலைவர் இலியுங் குவின், தமிழர்தம் போராட்டத் தலைவர் தம்பி நாயுடு. தமிழனும் சீனனும் ஒரே தாளில் பெயரெழுதிய நாள் அது.

அப்போராட்டம் வளர்ந்து 1913 இல் மூன்று பவுன் வரிக்கு எதிரான பெருவேலைநிறுத்தம் ஆயிற்று. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் ‘வேலையை நிறுத்துக’ என்று முதலில் சென்று சொன்னவர் திரான்சுவால் தமிழ்ப் பெண்கள். சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாள்களில், 1914 பிப்ரவரி 22 இல் தில்லையாடி வள்ளியம்மை உயிர் நீத்தார். அவ்வாண்டே வரி ஒழிந்தது. நோக்குக: அவர்கள் எந்தத் தொழிலாளியையும் அடிக்கவில்லை, வரி விதித்த அரசையும் வருத்திய முதலாளியையும் எதிர்த்தனர், வென்றனர். இராக்கு சுபிரிங்சு வெள்ளையன் குருதி சிந்திப் பெறாததை, வள்ளியம்மையின் கூட்டத்தார் உழைப்பை நிறுத்திப் பெற்றனர்.

அதன் பின்னும் தமிழன் முதுகு ஆறவில்லை. காடழித்துத் தேயிலை வளர்த்த மலையகத் தமிழரை 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கிற்று. 1964 ஒப்பந்தத்தில் ஐந்து இலக்கத்து இருபத்தையாயிரம் பேரை, எண்ணிப் பிரிக்கும் பொருள்போல், இந்தியா ஏற்பதென இரு அரசுகள் முடிவு செய்தன. 1977 இலும் 1981 இலும் 1983 இலும் மலையகத் தமிழர் தாக்கப்பட்டனர். 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் சிவசேனை, மண்ணின் மைந்தர் பெயரால் தமிழர் உள்ளிட்ட தென்னாட்டார் மீது கை வைத்தது. 1991 திசம்பரில் காவிரியின் பெயரால் பெங்களூரில் தமிழர் வீடுகள் எரிந்தன. ஒவ்வோரிடத்திலும் அவன் பெயர் வந்தேறி. ஒவ்வோரிடத்திலும் ‘எங்கள் வேலையைப் பறித்தான்’ என்பதே குற்றச்சாட்டு.

இங்குச் செய்ய வேண்டுவது

‘அங்கு வெள்ளையனே வந்தேறி, இங்கோ தமிழன் மண்ணின் மகன். இரண்டும் ஒன்றாமோ?’ என்பர் சிலர். ஒன்றாகா. அந்த வேறுபாடு உண்மை. தமிழ்நாட்டு வேலையில் தமிழர்க்கு முதலுரிமை கேட்பது முறை. ஆட்சியிலும் கல்வியிலும் தமிழை நிலைநிறுத்தக் கேட்பது முறை. ஆனால் உரிமை கேட்க வேண்டிய இடம் ஒன்று; ஓங்கிய கை விழும் இடம் வேறொன்று. மலிவுக் கூலியைத் தேடி ஆள்கொணர்வோர் ஒப்பந்தக்காரரும் ஆலை முதலாளியும். அதற்குக் கண்மூடுவோர் ஆள்வோர். அவர்களை எட்டாத கை, சிமிட்டி மூட்டை சுமக்கும் பையன் கன்னத்தை மட்டும் எட்டுமாயின், அது வீரமன்று. இராக்கு சுபிரிங்சின் மறுபதிப்பு.

‘அவன் இந்தியைக் கொணர்கிறான்’ என்பது அடுத்த குற்றச்சாட்டு. இந்தித் திணிப்பு தில்லியில் அமர்ந்திருக்கிறது. ஓரறையில் எண்மராய் உறங்குபவனிடம் இல்லை. அவன் தாய்மொழி போச்புரியாகவோ மககியாகவோ இருக்கும். மக்கட்கணக்கெடுப்பு அம்மொழிகளை இந்தி என்ற பெயரிலேயே அடக்கி விழுங்கிவிட்டது. மொழியிழந்த அவனைத் தமிழ்ப்பகைவன் என்பது, நோயாளியையே நோய் என்பது போலும்.

2023 மார்ச்சில் நடந்ததையும் மறத்தல் ஆகாது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுவதாகப் பொய்ப்படங்கள் வடநாட்டில் பரப்பப்பட்டன. அஞ்சிய தொழிலாளர் ஊர் திரும்பத் தொடர்வண்டி நிலையங்களில் குவிந்தனர். பீகார் அரசின் குழுவும் இங்கு வந்து பார்த்தது. அவை பொய் என்று தமிழ்நாட்டுக் காவல்துறை மெய்ப்பித்தது. அன்று தமிழினத்தின் பெயரைக் காத்தது எது? அப்படி ஒன்று நடக்கவில்லை என்ற உண்மை ஒன்றே. தேநீர்க் கடையில் கை ஓங்குபவன் அந்த உண்மையையே அழிக்கப் பார்க்கிறான். தமிழ்ப்பகைவர் பொய்யாய்ப் புனைந்ததை அவர்களுக்காக மெய்யாக்கித் தருகிறான்.

செய்ய வேண்டுவன வேறு. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்க்கென 1979 இலேயே ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும், ஒத்த வேலைக்கு ஒத்த கூலி தர வேண்டும் என அது விதித்தது. அது ஏட்டளவில் நில்லாது நடைமுறையில் நின்றிருந்தால், மலிவுக்காக ஆள்கொணரும் கரணியமே எழுந்திராது. ஆலைதோறும் கணக்குக் கேட்பதும், ஒத்த கூலி கேட்பதும், உள்ளூர் இளைஞர்க்குப் பயிற்சியும் வேலையும் கேட்பதும் இயக்கத்தின் கடமை. வந்தவர் பிள்ளைகளை ஊர்ப்பள்ளியில் சேர்த்துத் தமிழ் கற்பிப்பதும் அதன் கடமை. வெள்ளையன் மொழியைத் தாழ்ப்பாள் ஆக்கினான். தமிழன் அதைத் திறவுகோல் ஆக்கட்டும்.

தமிழ்மண்ணுக்கு இது புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்து, பல்லவர் தலைநகரைப் பார்த்துச் சென்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் தர்சுட்டன், நீலமலையில் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே ஒரு சிறு சீனக் குடியிருப்பைக் கண்டு எழுதினார். அச்சீனர் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு அங்கு வாழ்ந்தனர். கலிபோர்னியாவில் சீனர் வீடுகள் எரிந்த அதே காலம் அது.

தென்னேரியின் கரைமேல் நிற்பவர்க்கு ஓருண்மை எளிதில் விளங்கும். நீர் பெருகி வரும்போது ஊரைக் காப்பது கரையும் மதகும் கலங்கலும். அவை முறையாய் எழுப்பப்பட்டவை, ஆண்டுதோறும் பேணப்படுபவை. வெள்ளத்தின் மீது சினந்து கரையை உடைப்பவன் வெள்ளத்தைத் தடுத்தவன் ஆகான். முதலில் மூழ்குவது அவன் வீடே. சட்டமும் போராட்டமும் தமிழரின் கரை. ஓங்கிய கை அதன் உடைப்பு.

அங்குச் சீனர் அடிபட்டனர். நேட்டாலில் தமிழர் அடிபட்டனர். இங்கு யார் என்ற கேள்விக்கு, எவரும் இல்லை என்பதே தமிழினம் உலகுக்குத் தர வேண்டிய விடை.